குடிமயக்கமா, தலைக்காயமா?

ஓட்டப்பிடாரம் தாலூகாவின் கரிசற்காட்டு ஊர்களிலும், தருவைக்குளம் முதலிய கடற்கரை ஊர்களிலும், உப்பளங்களை அடுத்த பாதைகளிலும், இரவு வேளையில் ஒரு மனிதன் வழியோரத்தில் விழுந்து கிடப்பானாயின், அவ்வழியே செல்வோர் பெரும்பாலும் சொல்லும் வார்த்தை ஒன்றே: "குடித்துவிட்டுக் கிடக்கிறான், காலையில் தெளிந்துவிடும்." இவ்வார்த்தை பல சமயங்களில் மெய்யாகவே இருக்கும். அது பொய்யாகும் சமயங்களில் அம்மனிதன் காலையைக் காண்பதில்லை. மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் வழி இன்னதென்று கிராம உத்தியோகஸ்தர், பள்ளி ஆசிரியர், சுகாதார ஊழியர், தாதிகள், புதிதாக வேலையேற்ற வைத்தியர் ஆகியோருக்கு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மது விலக்கைப் பற்றிய விவாதம் இங்கே வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் 1937-ஆம் வருஷம் சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமுலுக்கு வந்து, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971-இல் தளர்த்தப்பட்டது. பின்னர் மாறிமாறி வந்து, 2003 முதல் சில்லறை விற்பனை அரசாங்கக் கடைகளின் வசமாயிற்று. சட்டம் எவ்வாறிருப்பினும் குடித்தவன் விழுவதும், விழுந்தவனுக்குத் தலையில் அடிபடுவதும் நின்றபாடில்லை. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமின்றிச் செல்பவன், பனையேறும் தொழிலாளி, வள்ளத்தின் விளிம்பில் கால் இடறுபவன், திண்ணையிலிருந்து உருண்டு விழும் கிழவன், கைகலப்பில் கம்படி பட்டவன் ஆகிய இவர்களே அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வருவோர். குடித்தவன் விழும்போது கைகளை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்வதில்லை; அவன் தலையே முதலில் தரையைத் தொடுகிறது. ஆதலால், குடித்தவன் என்பது தலைக்காயத்தைச் சந்தேகிப்பதற்குக் காரணமேயன்றி, அச்சந்தேகத்தை விடுவதற்குக் காரணமன்று.

கபாலத்தினுள் நடப்பது

தடுமாறும் நடை, குழறும் நாக்கு, வாந்தி, அளவுமீறிய தூக்கம், காரணமற்ற கோபம், நடந்ததை மறத்தல் ஆகிய இவை யாவும் மதுமயக்கத்தின் குறிகள். இவை யாவும் மூளைக் காயத்தின் குறிகளுங்கூட. இரண்டும் ஒருவனிடத்தே சேர்ந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றின் பின்னே ஒளிந்துகொள்ளுகிறது.

கபாலம் விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதனுள் மூளை, மூளைநீர், இரத்தம் ஆகிய மூன்றுமே உண்டு. நான்காவதாக ஓர் இரத்தக் கட்டி அங்கே சேருமாயின், முதலில் மூளைநீரும் சிரை இரத்தமும் சிறிது வெளியேறி அதற்கு இடங்கொடுக்கும். அவ்வளவுவரை நோயாளி நன்றாகவே இருப்பதுபோல் தோன்றுவான். கொடுக்கத்தக்க இடம் தீர்ந்த பிறகு, சிறிதளவு இரத்தம் கூடினாலும் உள் அழுத்தம் வேகமாய் ஏறி, மூளை கீழ்நோக்கி நெருக்கப்பட்டு, சுவாசத்தை நடத்தும் பாகம் நசுங்குகிறது. மணிக்கணக்கில் நன்றாயிருந்தவன் நிமிஷக்கணக்கில் இறப்பதன் காரணம் இதுவே.

இரத்தக் கட்டிகளில் இரண்டு வகைகளை அறிந்திருத்தல் அவசியம். நெற்றிப்பொட்டின் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. பொட்டில் அடிபட்டு எலும்பு விண்டால் அத்தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் தடித்த மேலுறைக்கும் நடுவே இரத்தம் தேங்கும். இவ்வகையில் சிலர் முதலில் மூர்ச்சையாகி, பிறகு தெளிந்து, பேசி, நடந்து, சில மணி நேரம் சென்றபின் மறுபடி மயங்குவார்கள். நடுவே வரும் அத்தெளிவே ஆபத்தான ஏமாற்றம். 2009-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கனடா தேசத்தில் பனிச்சறுக்கு கற்கையில் விழுந்த நதாஷா ரிச்சர்ட்ஸன் என்னும் நடிகை, தமக்கு ஒன்றுமில்லையென்று வைத்திய உதவியை முதலில் மறுத்தார். பிறகு தலைநோவு கண்டு, இரண்டு நாளில் இவ்வகை இரத்தக் கட்டியால் மாண்டார். குடித்தவனிடத்திலோ இவ்விடைத்தெளிவு கண்ணுக்கே புலப்படாது. முதல் மூர்ச்சையும் இறுதி மூர்ச்சையும் ஒரே நீண்ட உறக்கமாகவே பார்ப்பவருக்குத் தோன்றும்.

இரண்டாவது வகையில், மூளையின் மேற்பரப்பிலிருந்து மேலுறைக்குச் செல்லும் சிறு சிரைகள் அறுந்து, உறைக்கு அடியில் இரத்தம் பரவுகிறது. நெடுங்காலம் குடித்தவர்களின் மூளை சற்றே சுருங்கியிருப்பதால் இச்சிரைகள் ஏற்கெனவே இழுபட்ட நிலையில் இருக்கும்; சிறு அதிர்ச்சியும் அவற்றை அறுத்துவிடக்கூடும். அவர்களுடைய ஈரலும் கெட்டிருக்குமாயின் இரத்தம் உறைவது தாமதிக்கும். ஆகவே நாட்பட்ட குடிகாரனுக்குச் சிறு அடியும் பெரிய அடியே.

எவ்வளவு குடித்தால் எவ்வளவு மயக்கம்?

வாய்நாற்றம் ஒருவன் குடித்தான் என்பதைக் காட்டும். எவ்வளவு குடித்தான் என்பதைக் காட்டாது. அவன் மயக்கத்திற்கு மதுவே காரணமென்று ஒருபோதும் காட்டாது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதே பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

கிளாஸ்கோ நகரத்தில் கால்பிரெய்த் என்னும் வைத்தியரும் அவரோடு உழைத்தோரும் தலைக்காயமுற்றோரின் இரத்தத்தில் மதுவின் அளவைச் சோதித்து, 1976-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். 100 மில்லி இரத்தத்தில் மது 200 மில்லிகிராமுக்கு மேற்பட்டாலன்றி, ஸ்மரணைக் குறைவை மதுவின்மேல் சுமத்துதல் தகாது என்பதே அதன் சாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு வண்டியோட்டிக்கு விதித்துள்ள வரம்பு 30 மில்லிகிராமே என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சட்டப்படி குற்றவாளியாகும் அளவுக்கும், மதுவினாலேயே மயங்கிக் கிடக்கும் அளவுக்கும் நடுவே பெருந்தூரம் இருக்கிறது. 2006-இலும் 2007-இலும் அமெரிக்க நாட்டில் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகளும், மூளைக் காயமுற்றோரின் ஸ்மரணை மதிப்பெண்ணை மது குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை என்றே கண்டன. "போதை தெளியட்டும், பிறகு பார்ப்போம்" என்னும் வழக்கத்துக்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

சரீரம் மதுவை ஏறக்குறைய ஒரே வேகத்தில் செலவழிக்கிறது. 100 மில்லி இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரை குறைந்துகொண்டே வரும். பழகிய குடிகாரரிடத்தில் இவ்வேகம் சற்று அதிகம். இக்கணக்கிலிருந்து ஒரு பயனுள்ள விதி பிறக்கிறது: மதுவினால் மயங்கியவன் மணிக்கு மணி தேறிக்கொண்டே வரவேண்டும். தேறாமல் அதே நிலையில் நிற்பவனும், தேறிப் பின் இறங்குபவனும் மதுவினால் மாத்திரம் மயங்கியவர்கள் அல்லர். பழகிய குடிகாரன் அதிக அளவிலும் நிதானமாய் நடப்பவன் என்பதையும் மறத்தலாகாது. அவன் மயங்கிக் கிடந்தால் சந்தேகம் இரட்டிக்கவேண்டும்.

வழியோரத்தில்

முதலில் செய்யவேண்டியது 108-ஐ அழைத்தல். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இவ்வண்டி வருமுன் அருகிலுள்ளோர் செய்யத்தக்கவை சில, செய்யத்தகாதவை பல.

மூச்சுக்குழல் அடைபடாதிருத்தலே முதன்மையானது. குடித்தவன் வாந்தியெடுப்பான், மல்லாந்து கிடப்பவன் அவ்வாந்தியையே மூச்சில் இழுத்து மாள்வான். தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே மரக்கட்டைபோல் சேர்ந்து திரும்பும்படி இருவர் மூவர் சேர்ந்து பிடித்து, அவனை ஒருக்களித்துக் கிடத்தவேண்டும். கழுத்தை முறுக்குதலும், தலைக்கு உயரமான தலையணை வைத்தலும் கூடா. காயத்திலிருந்து இரத்தம் வழியுமாயின் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டலாம். எலும்பு அமுங்கியிருப்பதாகத் தோன்றும் இடத்தில் அழுத்துதல் கூடாது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றைக் காயத்தில் அப்புவதால் ஆஸ்பத்திரியில் அவற்றைக் கழுவி எடுக்கும் வேலையே மிகுதியாகும். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் கலந்த நீரோ தெளிந்த நீரோ வடியுமானால் அதைப் பஞ்சால் அடைக்கலாகாது. அது மூளைநீராயிருக்கலாம், வடியட்டும்.

போதையை முறிப்பதாக எண்ணி மோர், எலுமிச்சம்பழச் சாறு, புளிக்கரைசல், காப்பி முதலியவற்றை வாயில் ஊற்றுவதும், விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்வதும், குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டுவதும், கன்னத்தில் அறைவதும் நம் ஊர்களில் இன்றும் நடப்பவை. இவற்றில் எதுவும் இரத்தத்திலுள்ள மதுவைக் குறைப்பதில்லை. வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் உடற்சூட்டைக் குறைக்கும். அறைவது கழுத்தை ஆட்டும். இவற்றைவிடக் கொடியது மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே அவனை உட்காரவைத்துத் தலை இப்படியும் அப்படியும் தொங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. அன்பினாலேயே அவ்வாறு செய்கிறார்கள். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் கைகால் விளங்காமற் போவது அந்தப் பிரயாணத்திலேதான்.

உடன் செல்பவர் நான்கு செய்திகளைச் சேகரித்துச் செல்வாராயின் அது வைத்தியருக்குப் பேருதவி. எத்தனை மணிக்கு விழுந்தான், எவ்வளவு உயரத்திலிருந்து அல்லது எவ்விதமாக விழுந்தான், விழுந்தவுடன் பேசினானா, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்பவையே அவை. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ, இரத்தம் உறையாதிருக்க மாத்திரையோ அவன் உட்கொள்வதுண்டா என்பதையும் வீட்டாரிடம் கேட்டு வருதல் நலம். கண்ணால் பார்த்தவர் எவருமில்லையென்றால் அதையும் சொல்லவேண்டும். பார்த்தவரில்லாத விழுதலைக் கடுமையான விழுதலாகவே கொள்ளுதல் முறை.

போலீஸ் விசாரணைக்கும் கோர்ட்டு சாட்சிக்கும் அஞ்சியே பலர் ஒதுங்கிச் செல்கின்றனர். பரமானந்த கடாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், உயிர் காக்கும் சிகிச்சையே முதல், போலீஸ் நடவடிக்கைகள் அதன் பின்னரே என்று தீர்ப்பளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவரைச் சிவில், கிரிமினல் பொறுப்புகளினின்றும் காக்கிறது. சாட்சி சொல்வதும் அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததே. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைச் செலவை ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இச்செய்திகள் கிராமத்தார் அறியும்படி பள்ளிச் சுவரில் எழுதிவைக்கத் தக்கவை.

ஸ்மரணையை எண்ணால் அளத்தல்

"நோயாளி மயக்கமாக இருக்கிறான்" என்று ஒருவர் எழுதிவைத்தால், அடுத்து வருபவருக்கு அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. எவ்வளவு மயக்கம்? இக்குறையைத் தீர்க்கவே கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்னும் இருவர் 1974-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். இப்பொழுது உலகெங்கும் வழங்கிவரும் அது, கருவி எதுவும் வேண்டாதது. ஓர் இரவு பழகினால் எவரும் கற்கக்கூடியது.

மூன்று விஷயங்கள் தனித்தனியே பார்க்கப்படுகின்றன. கண்: தானே திறந்திருந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, அழுத்தி நோவுண்டாக்கினால் மட்டும் திறந்தால் 2, திறவாவிடில் 1. பேச்சு: தன் பெயர், இருக்குமிடம், மாதம் முதலியவற்றைச் சரியாகச் சொன்னால் 5, பேசினாலும் குழம்பினால் 4, தொடர்பற்ற சொற்களாயின் 3, முனகல் மட்டுமாயின் 2, ஒலியே இல்லையெனில் 1. அசைவு: சொன்னபடி செய்தால் 6; நோவுள்ள இடத்துக்குக் கையைக் கொண்டுவந்து தட்டிவிட்டால் 5; கையை வெறுமனே இழுத்துக்கொண்டால் 4; கை விகாரமாக மடங்கினால் 3; விறைத்து நீண்டால் 2; அசைவில்லையெனில் 1. கூட்டினால் உச்சம் 15, தாழ்வு 3. எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நடுத்தரம். பதின்மூன்றுக்கு மேல் இலேசு. "இலேசு" என்ற சொல்லை நம்பி உறங்கிவிடலாகாது. மெல்ல இறங்கிச் சாகிறவர்களில் பலர் இந்த இலேசான வகையிலேயே ஆஸ்பத்திரிக்குள் நுழைகின்றனர்.

நோவுண்டாக்குவதற்கு நகத்தின்மேல் பென்சிலால் அழுத்துதலோ, தோளின் மேற்சதையைக் கிள்ளுதலோ போதும். கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் மூன்று எண்களையும் தனித்தனியே எழுதவேண்டும். மது முதலில் கெடுப்பது பேச்சை. அசைவை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆகவே பேச்சு 4, அசைவு 6 என்றிருப்பவனுக்கும், பேச்சு 5, அசைவு 5 என்றிருப்பவனுக்கும் பேதமுண்டு. அசைவு எண் குறைந்தவனுக்கு மதுவைக் காரணமாகக் கூறுதல் கடினம்.

ஒரு கற்பனை உதாரணம் கொள்ளலாம். இரவு ஒன்பது மணிக்கு இருவர் கொண்டுவரப்படுகின்றனர். இருவருக்கும் மதுவின் நாற்றம். இருவருக்கும் புருவத்தின்மேல் வெட்டுக்காயம். முதல்வனுக்குக் கண் 3, பேச்சு 4, அசைவு 6, ஆகப் பதின்மூன்று. இரண்டாமவனுக்கும் அதே பதின்மூன்று. ஒன்பதரைக்கு இருவருக்கும் பதினான்கு. பத்து மணிக்கு முதல்வனுக்குப் பதினைந்து. தன் மகன் பெயரையும் வந்த பஸ்ஸின் எண்ணையும் சொல்லுகிறான். இரண்டாமவனுக்கோ பதினான்கே. பத்தரைக்கு அவன் நன்றாய்க் குறட்டை விடுகிறான். "தூங்குகிறான், எழுப்பவேண்டாம்" என்கிறார்கள் உறவினர். எழுப்பிப் பார்த்தால் கண் 2, பேச்சு 3, அசைவு 5, ஆகப் பத்து. ஒன்பது மணிக்கு இருவரையும் பார்த்து எவராலும் பேதம் சொல்லியிருக்க முடியாது. பேதத்தைக் காட்டியது அரைமணிக்கொருதரம் எழுதிய ஒரு காகிதமே. பத்தரைக்கு எழுப்பாதிருந்தால் அதுவும் காட்டியிராது.

பதினைந்தை அடையும்வரை அரைமணிக்கொருதரமும், அடைந்தபின் இரண்டு மணி நேரம் அரைமணிக்கொருதரமும், அதன்பின் நான்கு மணி நேரம் மணிக்கொருதரமும், பிறகு இரண்டு மணிக்கொருதரமும் பார்க்கவேண்டுமென்று பிரிட்டிஷ் வைத்திய வழிகாட்டி நூல் விதிக்கிறது. ஒரு புள்ளி குறைந்து அரைமணி நேரம் அவ்வாறே நீடித்தாலும் வைத்தியரை அழைக்கவேண்டும். ஒரே தாதி முப்பது படுக்கைகளைப் பார்க்கும் இராக்காலத்தில் இது எளிதன்று. ஆனால் எல்லா நோயாளிக்கும் செய்ய இயலாத இடத்திலும் குடித்துத் தலையில் அடிபட்டவனுக்குச் செய்தே ஆகவேண்டும்; மற்றவன் தனக்குத் தலைநோகிறதென்று வாய்விட்டுச் சொல்வான், இவன் சொல்லமாட்டான்.

இதர குறிகள்

கண்ணின் பாவைகள் இரண்டையும் டார்ச்சு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மது பாவைகளை வெவ்வேறு அளவாக்குவதில்லை. ஒன்று மட்டும் விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காதிருந்தால், அப்பக்கத்து மூளை நரம்பை நெருக்குகிறதென்று கொள்ளவேண்டும். அப்பொழுது வீணாக்க ஒரு நிமிஷமும் இல்லை. ஒரு கையோ காலோ மற்றதைவிடப் பலங்குறைந்திருத்தலும் அவ்வாறே. மது உடலின் இரு பக்கத்தையும் ஒன்றுபோல் தளர்த்தும். ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தாது. நாடி மெதுவாகி இரத்த அழுத்தம் ஏறுமாயின், அது முற்றிய அழுத்தத்தின் குறி. இதற்கு மாறாக நாடி வேகமாகவும் அழுத்தம் தாழ்ந்தும் இருந்தால் தலையைவிட்டு வயிற்றையும் மார்பையும் தொடையெலும்பையும் தேடவேண்டும். வேறெங்கோ இரத்தம் கசிகிறது.

கண்களைச் சுற்றிய கருமையும், காதின் பின்புறத்துக் கருமையும் கபாலத்தின் அடிப்பாகம் முறிந்ததைக் காட்டும். இவை தோன்றப் பல மணி நேரமாகலாம். ஆதலால் இல்லாமையைக் கண்டு திருப்தியடையலாகாது.

தலையைப் பார்க்குமுன்னரோ உடனடியாகவோ விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கவேண்டும். வெறும் வயிற்றில் குடித்தவனுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுவதுண்டு. அம்மயக்கம் எல்லாவற்றையும் போலவே தோன்றும். சிரையில் சர்க்கரை ஏற்றினால் நிமிஷங்களில் தெளியும். நாட்பட்ட குடிகாரனுக்குச் சர்க்கரையோடு தயாமின் என்னும் பி-1 வைட்டமினும் கொடுப்பது முறை. விஷச் சாராயத்தையும் நினைவில் வைக்கவேண்டும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பார்வை மங்குதலும், ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதலும், வயிற்றுவலியும் அதன் குறிகள்.

வலிப்பு வருமாயின் "குடியை நிறுத்தியதால் வந்தது" என்று சொல்லிவிடுவது எளிது. நிறுத்தியதால் வரும் வலிப்பு பெரும்பாலும் கடைசியாகக் குடித்து ஆறு முதல் நாற்பத்தெட்டு மணிக்குள் வரும். குடித்து இரண்டு மணியே ஆனவனுக்கு வரும் வலிப்பு அதுவாயிருத்தல் அரிது. தலையில் அடிபட்டபின் வரும் முதல் வலிப்பை, ஸ்கான் எடுத்துப் பார்க்கும்வரை, மூளைக் காயத்தின் வலிப்பென்றே கொள்ளவேண்டும்.

முரட்டு நோயாளி

குடித்தவன் வைகிறான், உதைக்கிறான், கட்டைப் பிய்த்தெறிகிறான். வார்டில் உள்ளோருக்கு அவன்மேல் கோபம் வருவது இயற்கை. அக்கோபமே நோயறிதலைக் கெடுக்கிறது. கலகம் செய்பவனுக்கு மூச்சுக்காற்று குறைவாயிருக்கலாம், மூத்திரப்பை நிறைந்திருக்கலாம், முறிந்த எலும்பு நோகலாம், மூளையே வீங்கிக்கொண்டிருக்கலாம். இவற்றைப் பாராமல் தூக்க ஊசி போட்டுக் கட்டிலில் கட்டிவைத்தால், வார்டு அமைதியாகும். ஆனால் அவன் இறங்குவதைக் காட்டும் ஒரே குறியான ஸ்மரணை அதன்பின் அளக்க முடியாததாகிவிடும். ஊசி தவிர்க்கவே முடியாதெனில், அதற்கு முன்னிருந்த மூன்று எண்களையும் பாவைகளையும் எழுதி வைத்துவிட்டு, மூச்சைக் காவலிருந்து பார்த்துக்கொண்டே கொடுக்கவேண்டும்.

அதுவரை கலகம் செய்தவன் திடீரென்று சாந்தமடைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அவன் பாவைகளைப் பார்த்தல் நலம்.

கழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்தெலும்பு முறியவில்லையென்று படமில்லாமலே தீர்மானிக்க வைத்தியர் கையாளும் விதிகளில் ஒன்று, நோயாளி போதையில் இருத்தலாகாது என்பது. குடித்தவன் "கழுத்து நோகவில்லை" என்று சொல்வது சாட்சியாகாது. தெளிந்தபின் மறுபடி சோதிக்கும்வரையோ, படம் எடுக்கும்வரையோ கழுத்தை அசையாமல் காக்கவேண்டும்.

தூத்துக்குடிக்கு அனுப்புதல்

கபாலத்தினுள் இரத்தம் தேங்கியுள்ளதா என்பதை ஐயமறக் காட்டுவது ஸி.டி. ஸ்கான். 1971-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட இப்படம், அதுவரை ஊகமாயிருந்ததைக் கண்ணுக்குக் காட்டியது. வழியிலுள்ள சிறு ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே மட்டும் எடுத்து, "எலும்பு முறியவில்லை" என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல் பழைய வழக்கம். எலும்பு முறியாமலே உள்ளே இரத்தம் தேங்குவதுண்டு.

யாருக்கு ஸ்கான் வேண்டும்? மதிப்பெண் 12-ஓ அதற்குக் கீழோ இருப்பவன், அடிபட்டு இரண்டு மணி கழித்தும் 15-ஐ அடையாதவன், எலும்பு அமுங்கியவன் அல்லது அடிக்கபாலம் முறிந்த குறியுள்ளவன், வலிப்பு வந்தவன், ஒரு பக்கம் பலங்குறைந்தவன், ஒரு தடவைக்கு மேல் வாந்தியெடுத்தவன் ஆகிய இவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டுமென்பது பிரிட்டிஷ் விதி. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் 2000-இல் வெளியிட்ட விதிகள், ஸ்மரணை தப்பித் தெளிந்தவன் குடித்திருத்தலையே ஸ்கானுக்குப் போதிய காரணமாகக் கொள்ளுகின்றன. குடித்தவன் வாந்தியெடுப்பது சகஜமாயிற்றே, எல்லோரையும் அனுப்புவதா என்று கேட்கலாம். ஸ்கான் உள்ள ஊரில் அனுப்புவதே முறை. இல்லாத ஊரில் இரண்டு மணி நேர விதியே சிறந்த துணை: இரண்டு மணியில் பதினைந்தை அடையாதவனை மேற்கொண்டு வைத்திருத்தல் கூடாது.

ஓட்டப்பிடாரத்திலிருந்து 2000-ஆம் வருஷம் நிறுவப்பட்ட தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் தூரம் ஒரு மணிக்கு உட்பட்ட பிரயாணமே. ஆகவே தூரத்தைக் காரணங்காட்டிக் காலைவரை வைத்திருக்க இடமில்லை. காலம் போவதன் விலையை ஓர் ஆராய்ச்சி நன்கு காட்டிற்று. உறைக்கடியில் கடுமையாய் இரத்தம் தேங்கிய 82 பேரைப் பற்றி அமெரிக்காவில் 1981-இல் வெளியான அதில், அடிபட்டு நான்கு மணிக்குள் ரணசிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 30 பேரும், அதற்குப் பின் பெற்றோரில் நூற்றுக்கு 90 பேரும் இறந்தனர். பிற்கால ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகக் காணப்படவில்லை. எனினும் தாமதம் நல்லதென்று எதுவும் சொல்லவில்லை.

அனுப்புமுன் சிறு ஆஸ்பத்திரியில் செய்யத்தக்கது மூச்சைக் காத்தல், பிராணவாயு கொடுத்தல், இரத்த அழுத்தம் தாழாமற் பார்த்தல், சர்க்கரையைச் சரிசெய்தல், கழுத்தைக் கட்டுதல் ஆகியவையே. மதிப்பெண் எட்டும் கீழுமாயின் மூச்சுக்குழாய் போட்டு அனுப்புதல் நலம். இரத்தப்போக்கைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், அடிபட்டு மூன்று மணிக்குள் கொடுத்தால், இலேசான மற்றும் நடுத்தரக் காயங்களில் பயனளிக்கக்கூடுமென்று 29 தேசங்களில் 12,737 நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. தையல் போடுவதற்காக ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தல் தகாது; அழுத்திக் கட்டி அனுப்பிவிட்டுத் தையலை அங்கே போடலாம். மதிப்பெண் எழுதிய காகிதத்தை நோயாளியோடு அனுப்பவேண்டும். ஒன்பது மணிக்குப் பதின்மூன்று என்பது தெரியாவிடில், பதினோரு மணிக்குப் பத்து என்பதன் பொருள் தூத்துக்குடி வைத்தியருக்கு எப்படி விளங்கும்?

வீட்டுக்கு அனுப்பும்போது

போதை தெளிந்து, பதினைந்தை எட்டி, நடந்து, உணவுண்டு, வாந்தியின்றி இருப்பவனை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் தனியே அனுப்பலாகாது. தாயோ, மனைவியோ, அண்ணன் தம்பியோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவரிடம் சொல்லவேண்டியவை: முதல் நாள் இரவு இரண்டு மூன்று தடவை எழுப்பிப் பெயர் கேட்கவேண்டும், எழுப்ப முடியாவிட்டாலும், தலைநோவு கூடிக்கொண்டே போனாலும், மறுபடி வாந்தியெடுத்தாலும், ஒரு கைகால் தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், வலிப்பு வந்தாலும் உடனே திரும்பக் கொண்டுவரவேண்டும், மது கூடாது, தூக்க மாத்திரை கூடாது. வாயால் சொன்னதைக் காகிதத்திலும் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். வீட்டில் பார்ப்பவர் எவருமில்லாதவனை அவ்விரவு வார்டிலேயே வைத்திருத்தல் நலம், படுக்கையில்லையென்றால் வராந்தாவிலாவது.

போலீஸ் காவலில் வைக்கப்படும் குடிகாரனுக்கும் இவ்விதிகளே. அவனைக் காவலறையில் உறங்கவிட்டுக் கதவைச் சாத்துமுன், தலையில் காயமுண்டா என்று விளக்கின் வெளிச்சத்தில் பார்த்து, இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். இல்லையென்றாலும் அரைமணிக்கொருதரம் எழுப்பிப் பதில் சொல்லுகிறானா என்று பார்க்கவேண்டும்.

இன்னுமொரு வகையுண்டு. வயதான குடிகாரன் ஒருவன் ஊர்க் கோயில் கொடைக்கு மறுநாள் படியில் தடுக்கி விழுந்தான். தலையில் சிறு வீக்கம். இரண்டு நாளில் மறந்தும் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு வாரங்கள் கழித்து அவன் மந்தமாகிறான். காலை இழுத்து நடக்கிறான். வேட்டியிலேயே சிறுநீர் கழிக்கிறான். மாலையில் பேரனை மகன் பெயரால் கூப்பிடுகிறான். வீட்டார் "மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான்" என்றோ, "கிழடு தட்டிவிட்டது" என்றோ விட்டுவிடுகிறார்கள். உறைக்கடியில் மெல்ல மெல்லச் சேர்ந்த பழைய இரத்தம் இவ்வாறு வாரக்கணக்கில் வெளிப்படுவதுண்டு. ஸ்கானில் இது தெரியும். கபாலத்தில் ஓரிரு சிறு துளையிட்டு அவ்விரத்தத்தை வடித்தால், மிகப் பலர் சில நாட்களிலேயே தெளிந்து, தாமே நடந்து வீடு திரும்புகின்றனர். ஆகையால் வயதானவர் ஒருவரிடம் இத்தகைய மாறுதல் கண்டால், சென்ற இரண்டு மாதங்களில் எப்பொழுதாவது விழுந்தாரா என்று வீட்டாரைக் கேட்கவேண்டும்; இல்லையென்று ஒருவர் சொன்னாலும், இன்னொருவரைக் கேட்கவேண்டும்.